ரேடியேட்டரில் எதை ஊற்றுவது? குழாய்த் தண்ணீர், பச்சைக் கூலண்ட், நீண்டகாலக் கூலண்ட்: ஓர் ஒப்பீடு

எஞ்சினின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்தான் கூலண்ட். நம் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் பட்டறையில் பச்சைக் கூலண்டை எடுத்து நீட்டுகிறார்கள். கார் நிறுவனத்தின் சேவை மையத்தில் இளஞ்சிவப்பு அல்லது நீல நிறக் கூலண்டைத் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ தம் பழைய புரோட்டான் சாகா காருக்குப் பல ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வருவதாகவும், அது இன்னும் ஈப்போவரை போய்த் திரும்புவதாகவும் சொல்கிறார். இம்மூன்று பேச்சுகளுக்கும் நடுவில் முடிவெடுக்க இயலாமல் நிற்கும் வாசகர்களின் கேள்விகளே இந்த ஒப்பீட்டுக்குக் காரணம்.

“குளிரே இல்லாத ஊருக்கு எதுக்குண்ணே கூலண்ட்?” என்று பட்டறைகளில் கேட்கப்படும் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கூலண்டின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்கால், பனிக்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடாமல் காப்பதற்காகக் குளிர்நாடுகளில் பரவிய பொருள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அந்தப் பயன் நமக்குத் துளியும் தேவையில்லை. ஆனால் இன்றைய கூலண்டில் கிளைக்காலுடன் கலந்து வரும் துருத்தடுப்பு மருந்துகள்தாம் நமக்கு வேண்டியவை. துருப்பிடிக்கும் வேகம் வெப்பத்தில் கூடுமே தவிரக் குறையாது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் துருத்தடுப்பு. ஓர் எஞ்சினின் குளிரூட்டும் பாதையில் அலுமினியச் சிலிண்டர் ஹெட், வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய பிளாக் (எஞ்சினின் உடற்பகுதி), அலுமினிய ரேடியேட்டர், எஃகுக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், வாட்டர் பம்பின் சீல் ஆகிய அனைத்தையும் ஒரே திரவம் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வெவ்வேறு உலோகங்களை மின்சாரம் கடத்தும் ஒரு திரவம் இணைத்தால், அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையத் தொடங்கும். பெரும்பாலும் கரைவது அலுமினியம். தடுப்பு மருந்து தீர்ந்துபோன திரவம் எந்த நிறத்தில் இருந்தாலும் அது வெறும் நிறமேறிய தண்ணீர்தான்.

இரண்டாவது, எஞ்சின் இயங்கும் வெப்பநிலைக்கும் திரவத்தின் கொதிநிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது. தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தண்ணீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த திரவம் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், இவை முறையே ஏறத்தாழ 121 டிகிரிக்கும் 129 டிகிரிக்கும் உயர்கின்றன. கொதிநிலையை உயர்த்துவதில் கூலண்டைவிட மூடிக்கே பங்கு அதிகம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அந்த மூடி சில ரிங்கிட்டுகளில் முடிந்துபோகும் பொருள் என்பதால்தான் யாரும் அதைக் கவனிப்பதில்லை போலும். கெந்திங் மலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல், சுருள்கம்பி தளர்ந்த மூடியோடு வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏறும் காரில் அத்தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பல எஞ்சின்கள் வழக்கமாக இயங்கும் வெப்பநிலையே அதை ஒட்டியதுதான்.

மூன்றாவது, கார் உற்பத்தியாளர் குறிப்பிட்ட வகையோடு பொருந்துகிறதா என்பது. நான்காவது, ஊற்றும் அன்றைய விலை அன்று, கார் கையில் இருக்கும் காலம் முழுவதற்குமான மொத்தச் செலவு. ஐந்தாவது, வட-தெற்கு நெடுஞ்சாலையில் நள்ளிரவில் அளவு குறைந்துவிட்டால் அதே பொருள் கிடைக்குமா என்பது. இந்த ஐந்தில் முதலாவதும் நான்காவதும்தான் பெரும்பாலோரின் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை என்பது என் கருத்து.

## குழாய்த் தண்ணீர்

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சேரவேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுவோம். வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீரை மிஞ்சிய திரவம் இவற்றுள் எதுவும் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதிக் கலவைக்கு 3.5 கிலோஜூலே போதும். ஆகவே அதே அளவு திரவம் தண்ணீராக இருந்தால் கூடுதல் வெப்பத்தை அள்ளிச் செல்லும். பந்தயக் கார்கள் பலவற்றில் துருத்தடுப்பு மருந்து மட்டும் கலந்த தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். கிளைக்கால் தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதால் பந்தயத் தடங்கள் பலவற்றில் அதற்குத் தடையும் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் சிலாங்கூர், லங்காட் ஆறுகளிலிருந்து வருகிறது. பினாங்கின் தண்ணீருக்கு மூடா ஆறே பெரிய ஆதாரம். கிணற்று நீரில் காணும் அளவுக்கு உப்புப்படிவு ஆற்று நீரில் பொதுவாக இராது என்பதால், கெட்டியான சுண்ணப்படிவம் நம் ஊர்க் கார்களில் அவ்வளவு விரைவாகத் தோன்றுவதில்லை. பழைய கார்களில் தண்ணீர் நெடுநாள் ஓடியதாகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் சுத்திகரிப்பில் சேரும் குளோரின் சேர்மங்கள் அலுமினியத்தில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கக்கூடியவை. தடுப்பு மருந்தே இல்லாத தண்ணீரில் வார்ப்பிரும்பு பிளாக் துருப்பிடிக்க, அந்தச் செந்நிறச் சேறு ரேடியேட்டரின் குறுகிய குழல்களில் போய்த் தங்குகிறது. வாட்டர் பம்பின் சீலுக்குக் கூலண்ட் தரும் வழவழப்பும் தண்ணீரில் இல்லை.

இதில் ஒளிந்திருக்கும் செலவு உடனே தெரிவதில்லை. முதலில், சூட்டுக்கேற்பத் திரவத்தின் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளும், பிறகு பம்ப் கசியும், அதன்பின் ரேடியேட்டர் மாற்றவேண்டி வரும். இவற்றில் எதையாவது கவனிக்காமல் விட்டு எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால், சிலிண்டர் ஹெட் வளைந்து, அதற்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள காஸ்கெட் எரிந்து, எஞ்சினின் மேற்பகுதியைப் பிரித்துச் சரிசெய்யும் ‘டாப் ஓவர்ஹால்’ என்ற சொல்லைப் பட்டறைக்காரர் உச்சரிக்கும் நிலை வரும். அச்சொல்லுக்குப் பிறகு வரும் தொகை பெரும்பாலும் நான்கு இலக்கம்.

ஆகவே குழாய்த் தண்ணீர் சிறந்த தேர்வாகும் இடம் ஒன்றே ஒன்று: வழியில் அளவு குறைந்து, வேறு எதுவும் கிடைக்காத நேரம். அப்போது எஞ்சினை நிறுத்தி, முழுமையாக ஆறவிட்டு, மூடியைத் துணியால் பிடித்து மெல்லத் திறந்து ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். சூடான நிலையில் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்ட திரவம் முகத்தில் பீறிடும். பெட்ரோல் நிலையத்துக் கடையில் புட்டித் தண்ணீர் வாங்க நேர்ந்தால், கனிமச் சத்துகள் நிறைந்த ‘ஆயர் மினரல்’ வகையை விட்டுவிட்டு, சாதாரணக் குடிநீர் என்று எழுதியிருக்கும் ‘ஆயர் மினுமான்’ புட்டியை எடுப்பது நல்லது. நம் உடம்புக்கு நன்மை என்று விளம்பரப்படுத்தும் கனிமங்கள் ரேடியேட்டருக்கு நன்மையல்ல.

## பச்சைக் கூலண்ட்

பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சைத் திரவம் பெரும்பாலும் பழைய வகையைச் சேர்ந்தது. சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகளைத் தடுப்பு மருந்தாகக் கொண்டது. இம்மருந்துகள் உலோகத்தின்மீது விரைவில் ஒரு மெல்லிய காப்புப் படலத்தைப் படியவைக்கின்றன. அந்த விரைவே இதன் பலம். அப்படலத்தைப் படியவைப்பதிலேயே மருந்து கரைந்து தீர்வது இதன் பலவீனம். எனவே 2 ஆண்டு அல்லது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

செம்பு–பித்தளை ரேடியேட்டர் பொருத்திய பழைய கார்களுக்கு இது இன்றும் பொருத்தமானது. ஈயப் பற்றவைப்புள்ள அத்தகைய ரேடியேட்டர்களுக்குப் புதிய கரிம அமில வகைகள் அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் விற்கப்போகும் கார், சிறு கசிவு இருப்பது தெரிந்தும் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கும் கார் ஆகியவற்றுக்கும் விலையுயர்ந்த திரவத்தை ஊற்றுவதில் பொருளில்லை.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். அலமாரியில் இருக்கும் மிக மலிவான பச்சைப் புட்டிகள் சிலவற்றில் கிளைக்கால் விழுக்காடு எதுவும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. கலவையின் அளவும், ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கே 2234 அல்லது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி 3306 போன்ற தர அடையாளம் ஒன்றும் இல்லாத புட்டியை, எவ்வளவு அழகான பச்சையாக இருந்தாலும், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

## நீண்டகாலக் கூலண்ட், கலந்தே வருவது

டொயோட்டாவின் இளஞ்சிவப்பு, ஹோண்டாவின் நீலம் முதலியவை இவ்வகை. தண்ணீர் சேர்த்துப் பாதிக்குப் பாதியாகவே புட்டியில் வருவதால், அப்படியே ஊற்றவேண்டியதுதான். இவற்றின் தடுப்பு மருந்து கரிம அமிலங்கள். உலோகம் முழுவதையும் போர்த்தாமல், அரிப்புத் தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகவே தீர்கின்றன. ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேலும் நிலைக்கும். உங்கள் காருக்குரிய சரியான கால அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கும்.

நிறத்தை நம்பி வாங்குவதுதான் இங்கு நேரும் பெரிய தவறு. நிறம் என்பது சாயம் மட்டுமே; அதற்குப் பொதுவான நியதி எதுவும் கிடையாது. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்துக் கரிம அமிலத்துடன் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். ஐரோப்பியர்கள், தங்கள் நாட்டுக் கடின நீரில் பாஸ்பேட் படிவமாகிவிடும் என்பதால், அதைத் தவிர்க்கிறார்கள். இதனால் டொயோட்டாவின் இளஞ்சிவப்பும் வோக்ஸ்வேகனின் ஜி12 இளஞ்சிவப்பும் கண்ணுக்கு உறவாகத் தோன்றினாலும் உள்ளே வெவ்வேறு. பட்டறையில் “ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்” என்று சொன்னால், புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையசைக்கலாம். பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தால் உடனே எஞ்சின் கெட்டுவிடாது. ஆனால் நீண்டகால வகையின் ஆயுள் பச்சையின் ஆயுளுக்கு இறங்கிவிடும், சில சேர்க்கைகளில் கொழகொழப்பான படிவமும் உண்டாகும்.

இனிச் செலவுக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கு அப்படியே பொருந்தும். கணக்குக்காக, பச்சைத் திரவம் 30 ரிங்கிட், நீண்டகாலத் திரவம் 80 ரிங்கிட், வடித்து நிரப்பிக் காற்றை வெளியேற்றும் கூலி இரண்டுக்கும் 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் பச்சையை ஐந்து முறை மாற்றினால் 350 ரிங்கிட். நீண்டகாலத்தை இரண்டு முறை மாற்றினால் 240 ரிங்கிட். உங்கள் பட்டறையின் விலைகளை இதே முறையில் போட்டுப் பாருங்கள். கூலி உயர உயர, மலிவான திரவம் மேலும் விலையேறிக்கொண்டே போகும்.

ஆனாலும் இதற்கும் மறைவான செலவு ஒன்று உண்டு. ஐந்து ஆண்டு என்று சொல்லிவிட்டால் ஐந்து ஆண்டும் பானெட்டையே திறக்காத பழக்கம் வந்துவிடுகிறது. கூலண்ட் ஐந்தாண்டு நிலைத்தாலும், ஹோஸும் மூடியும் நம் வெயிலில் அதே அளவு நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையிலோ பினாங்குப் பாலத்திலோ வாகனங்கள் நகராமல் நிற்கும்போது, முன்னால் இருக்கும் குளிர்சாதனக் கண்டென்சரின் சூட்டைக் கடந்து வரும் காற்றையே விசிறி ரேடியேட்டருக்குள் இழுக்கிறது. பலவீனமான ஹோஸ் அங்கேதான் பிளக்கும். தவிர, இடையில் இரண்டு மூன்று முறை குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பினால், கொடுத்த கூடுதல் விலை அப்படியே நீர்த்துப்போகும்.

## அடர்கூலண்டும் வடிநீரும்

தண்ணீர் கலக்காத அடர்கூலண்டை வாங்கி, காய்ச்சி வடித்த நீரை நாமே கலப்பது நான்காவது வழி. லிட்டர் கணக்கில் பெரும்பாலும் சிக்கனமானது. ஆனால் அதன் உண்மையான பயன் சிக்கனத்தில் இல்லை. ரேடியேட்டரை உட்புறம் கழுவும் நாளில் இருக்கிறது.

ஒரு காரின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று கொள்வோம். ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் ஏறத்தாழ 3 லிட்டர்தான் வெளியேறும்; மீதி 2 லிட்டர் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிடும். பழையதை முழுவதும் அகற்ற வடிநீரால் நிறம் தெளியும்வரை கழுவினால், இறுதியில் அந்த 2 லிட்டர் இடத்தில் வெறும் நீர் இருக்கும். இப்போது கலந்து வரும் கூலண்டை 3 லிட்டர் ஊற்றினால், அதிலுள்ள கிளைக்கால் 1.5 லிட்டர்தான், மொத்தத்தில் அது 30 விழுக்காடு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் துருத்தடுப்பு போதாது என்பதால், புத்தம்புதிய விலையுயர்ந்த கூலண்டை ஊற்றியும் காவல் குறைந்த எஞ்சினைத்தான் பெறுகிறோம். பட்டறைகளில் ‘ஃபிளஷ்’ என்ற பெயரில் நடப்பதில் நான் காணும் பெருங்குறை இதுவே. அதுவும் கழுவுவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீரால். இந்த நிலையில் 2.5 லிட்டர் அடர்கூலண்டும் அரை லிட்டர் வடிநீரும் ஊற்றினால் கணக்கு 50 விழுக்காட்டில் சரியாக நிற்கும். கழுவாமல், அதே வகையை வடித்துவிட்டு அதே வகையை நிரப்புவதாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. கலந்து வருவதே போதும்.

வடிநீர் உதிரிப்பாகக் கடைகளில் ‘ஆயர் பேட்டரி’ என்ற பெயரில் கிடைக்கும். பேட்டரி அமிலப் புட்டியோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. வீட்டுச் சுத்திகரிப்பியின் நீரைப் பயன்படுத்தலாமா என்றால், அது எதிர்ச்சவ்வூடு (ஆர்.ஓ.) முறையில் இயங்குவதானால் ஏற்கலாம்; வெறும் கரி வடிகட்டி குளோரினை நீக்குமே தவிரக் கரைந்த உப்புகளை நீக்காது. அடர்கூலண்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு. 70 விழுக்காட்டைத் தாண்டினால் வெப்பம் கடத்தும் திறன் நன்றாகவே குறையும்.

அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே செய்ய முனைவோருக்கு ஒரு சொல்: நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஹீட்டரை முழுமையாகத் திறக்கச் சொல்வார்கள். நம் நாட்டில் விற்கப்படும் சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. தேடிக் களைக்க வேண்டாம்.

## நீரில்லாக் கூலண்ட்

விலை பன்மடங்கு, பழைய நீர் ஒரு துளியும் எஞ்சாதபடி அகற்ற வேண்டும், வெப்பத்தைச் சுமக்கும் திறனும் குறைவு, வழியில் குறைந்தால் நிரப்ப எங்கும் கிடைக்காது. அன்றாடம் ஓட்டும் மைவிக்கும் சாகாவுக்கும் இது வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| | குழாய்த் தண்ணீர் | பச்சைக் கூலண்ட் | கலந்து வரும் நீண்டகாலக் கூலண்ட் | அடர்கூலண்டும் வடிநீரும் |
|---|---|---|---|---|
| துருத்தடுப்பு | இல்லை | நன்று, குறுகிய காலம் | நன்று, நீண்ட காலம் | வாங்கும் வகையைப் பொறுத்தது |
| கொதிநிலை, 1.1 பார் மூடியுடன் | ஏறத்தாழ 121 டிகிரி | கலவை அளவைப் பொறுத்தது | ஏறத்தாழ 129 டிகிரி | பாதிக்குப் பாதியானால் 129 டிகிரி |
| மாற்றும் காலம் | விரைவில் அகற்ற வேண்டும் | 2 ஆண்டு | 5 ஆண்டு அளவு, கையேட்டின்படி | வகையைப் பொறுத்தது |
| மறைவான செலவு | பம்ப், ரேடியேட்டர், டாப் ஓவர்ஹால் | திரும்பத் திரும்பக் கூலி | மறதி, தவறான வகை | தவறான கலவை |
| வழியில் கிடைப்பது | எங்கும் | பெரும்பாலான நிலையங்களில் | குறிப்பிட்ட வகை அரிது | அரிது |

## யாருக்கு எது

கார் வாங்கிப் பத்தாண்டுக்குள் இருந்து, இன்னும் சில ஆண்டு வைத்திருக்கும் எண்ணமும் இருந்தால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட நீண்டகால வகையைக் கலந்த வடிவிலேயே வாங்குங்கள். காராக் நெடுஞ்சாலையில் அடிக்கடி மலையேறுவோரும், குடும்பத்தோடு பெருநாள் நெரிசலில் நெடுந்தூரம் செல்வோரும் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதில் ஒரு லிட்டரைக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டால் ஐந்தாவது அளவுகோலும் நிறைவேறிவிடும்.

பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை, திரவம் பழுப்பாகவோ கலங்கலாகவோ இருக்கிறது என்றால் கழுவுவதே முதல் வேலை. அப்போது அடர்கூலண்டும் வடிநீரும்தான் சரியான தேர்வு. ரேடியேட்டர் மூடியையும் அன்றே மாற்றிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் பட்டறைக்குப் போகும் பழக்கமுள்ளவருக்குத் தரமான பச்சைக் கூலண்டே போதுமானது, உற்பத்தியாளர் அதை விலக்காதவரை. நாள் தவறாமல் மாற்றிய மலிவான திரவம், மறந்துபோன விலையுயர்ந்த திரவத்தைவிட எப்போதும் மேல்.

மாதந்தோறும் நிரப்பும் நிலை இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் உங்களுக்கு உதவாது. மூடிய அமைப்பில் திரவம் தானாகக் குறைவதில்லை; எங்கோ கசிகிறது, அல்லது காஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போகிறது. கசிவை அடைக்கும் தூள்கள் ஓட்டையை மட்டும் தேடிப் போவதில்லை, ரேடியேட்டரின் நுண்குழல்களையும் அடைக்கும்.

வீட்டில் வடித்தெடுத்த பழைய கூலண்டை வாசல் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். கிளைக்கால் இனிப்பான நஞ்சு. பூனையும் நாயும் நக்கிப் பார்த்து உயிரிழக்கும். மூடியுள்ள புட்டியில் அடைத்து, கழிவெண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். புதிதாக ஊற்றிய வகையையும் தேதியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டிவிட்டால், அடுத்து அதைத் திறக்கும் மெக்கானிக் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய தேவை இராது.